காற்றாலை பேரிங்குகளின் தேய்மானமும் மசகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பந்தல், கயத்தாறு, தென்காசி, உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் காற்றாலை வைத்திருக்கும் ஆலை உரிமையாளர்களும், அவற்றில் ஏறி வேலை பார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர்களும் பேரிங் குறித்து வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கிரீஸின் பெயர், அளவு, இடைவெளி ஆகியவற்றில் அந்தந்த இயந்திரத்தின் பராமரிப்புக் கையேடு சொல்வதே முடிவானது. கையேடு ஏன் அப்படிச் சொல்கிறது என்பதை இப்பக்கம் விளக்க முயல்கிறது.

எல்லா பேரிங்குகளுக்கும் ஒரே கிரீஸைப் போட்டால் என்ன?

ஒரே கோபுரத்தின் உச்சியில் இருந்தாலும் இந்த பேரிங்குகள் செய்யும் வேலை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத அளவுக்கு வேறுபடுகிறது. இறக்கையின் அடியிலுள்ள பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. சில டிகிரி முன்னும் பின்னும் அசைகிறது. இறக்கைகளோடு சேர்ந்து சுழலும் முதன்மைத் தண்டைத் தாங்கும் பேரிங் மெகாவாட் அளவுள்ள இயந்திரங்களில் நிமிடத்துக்கு 10 முதல் 20 சுற்றும், பழைய 225, 250 கிலோவாட் இயந்திரங்களில் சுமார் 40 சுற்றும் சுழல்கிறது. வேகத்தைக் கூட்டும் கியர்பாக்ஸின் மறுபக்கத்தில் ஜெனரேட்டர் 1,000 முதல் 1,800 சுற்று வரை ஓடுகிறது. மெதுவாகச் சுழலும் பெரிய பேரிங்குக்குத் தடித்த எண்ணெய் வேண்டும். ஆகவே அதற்கான கிரீஸில் 40 டிகிரி வெப்பத்தில் 460 சென்டிஸ்டோக் பாகுத்தன்மை கொண்ட அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் இருக்கிறது. அதே கிரீஸை ஜெனரேட்டரில் அடைத்தால் அது கடையப்பட்டுச் சூடேறும். ஜெனரேட்டருக்கான கிரீஸை முதன்மைத் தண்டில் போட்டாலோ, உருளைக்கும், அது உருண்டோடும் வளையப் பரப்பான ஓடுதளத்துக்கும் இடையே போதிய எண்ணெய்ப் படலம் உருவாகாது. கிரீஸ் டப்பாவின் மேல் எழுதியிருக்கும் என்.எல்.ஜி.ஐ. 1, 2 என்ற எண்கள் கிரீஸ் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன; உள்ளிருக்கும் எண்ணெயின் பாகுத்தன்மையை அவை சொல்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதியே பல இடங்களில் தவறான கிரீஸ் வாங்கப்படுகிறது.

பேரிங் 20 ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிறகு ஏன் பாதியிலேயே போகிறது?

ஐ.எஸ்.ஓ. 281 தரநிலையின்படி கணக்கிடப்படும் எல்-10 ஆயுள் என்பது, ஒரே மாதிரியான 100 பேரிங்குகளை ஒரே சுமையில் ஓட்டினால் அவற்றில் 90 எட்டும் ஆயுளாகும். எஞ்சிய 10 அதற்கு முன்பே போகலாம் என்பது அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு கியர்பாக்ஸில் 15 பேரிங்குகள் இருந்து, ஒவ்வொன்றின் எல்-10 ஆயுளும் சரியாக 20 ஆண்டு, அதாவது 1,75,200 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், பதினைந்தும் 20 ஆண்டைத் தாண்டும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவேதான் வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு பேரிங்குக்கும் அதைவிடக் கூடுதலான ஆயுளை எதிர்பார்த்துத் தேர்வு செய்கிறார்கள்.

இதைவிட முக்கியமான காரணம் வேறு. அந்தக் கணக்கின் அடிப்படை, உலோகம் மேற்பரப்புக்குக் கீழே சோர்வடைந்து விரிசல் விடுவது. நல்ல படலமும் தூய்மையான எண்ணெயும் இருக்கும் பேரிங் அப்படித்தான் கடைசியில் சாகும். காற்றாலையில் கழற்றப்படும் பேரிங்குகள் பலவற்றில் சேதம் மேற்பரப்பிலேயே தொடங்கியிருக்கிறது: நுண்குழிகள், வழுக்கிய தழும்புகள், துரு படிந்த பள்ளங்கள், மின்சாரம் பாய்ந்த வரிகள். 2007இல் தொடங்கிய அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் கியர்பாக்ஸ் நம்பகத்தன்மைத் திட்டம் திரட்டிய பழுதுப் பதிவுகளில், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கியர்பாக்ஸ் கோளாறுகள் பல்சக்கரங்களில் தொடங்காமல் பேரிங்குகளில் தொடங்கியிருந்தன.

காற்று பலமாக வீசும் மாதங்களில்தானே பேரிங் அதிகம் தேயும்?

இப்படி எண்ணுவது இயல்பு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில்தான் இயந்திரம் முழுத் திறனில் ஓடுகிறது, அப்போதுதான் சுமையும் அதிகம். உலோகச் சோர்வைப் பொறுத்தவரை இந்த எண்ணம் சரியும்கூட. உருளை பேரிங்கில் சுமை இருமடங்கானால் கணக்கிட்ட ஆயுள் பத்தில் ஒரு பங்காகிறது. மசகைப் பொறுத்தவரை நிலைமை வேறு.

உருளையையும் ஓடுதளத்தையும் நேராகத் தொடவிடாமல் பிரித்து வைப்பது, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம். அங்கே அழுத்தம் 1 கிகாபாஸ்கலைத் தாண்டும்போது எண்ணெயின் பாகுத்தன்மை பன்மடங்கு கூடி அது ஏறக்குறையத் திடப்பொருள் போல நடந்துகொள்கிறது. எஃகும் சற்று நசுங்கி இடம் விடுகிறது. 1959இல் டவ்சனும் ஹிக்கின்சனும் இதற்குக் கணித வடிவம் தந்தார்கள். அந்த வழியில் பின்னர் உருவான சமன்பாடுகள் காட்டுவது இதுதான்: சுமை இருமடங்கானால் படலம் சுமார் 5 சதவீதம் மட்டுமே மெலிகிறது, சுழற்சி வேகம் பாதியானாலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். உள்விட்டம் 600 மி.மீ., வெளிவிட்டம் 870 மி.மீ. கொண்ட 230/600 எண்ணுள்ள கோள உருளை பேரிங் நிமிடத்துக்கு 18 சுற்று சுழலும்போது, ஐ.எஸ்.ஓ. 281 கணக்குப்படி அதற்குத் தேவையான பாகுத்தன்மை, அது ஓடும் வெப்பநிலையில், சுமார் 150 சென்டிஸ்டோக். 460 தர எண்ணெய் 50 டிகிரியில் சுமார் 250 தருகிறது. ஆகவே அங்கே கவலையில்லை. வேகம் 9 சுற்றாகக் குறைந்தால் தேவை 270 அளவுக்கு ஏறுகிறது, கையிருப்பும் தேவையும் ஏறத்தாழச் சமமாகின்றன. மின்னுற்பத்தி இல்லாமல் 2 சுற்றில் சும்மா உருண்டுகொண்டிருந்தால் தேவை 900ஐத் தாண்டுகிறது. அப்போது இயந்திரம் குளிர்ந்து எண்ணெய் தடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் 40 டிகிரியில் 460 என்று வைத்துக்கொண்டாலும் தேவையில் பாதிதான் கிடைக்கிறது. மீதியை உலோகமும் உலோகமும் நேராக உரசிச் சமாளிக்கின்றன, கிரீஸிலுள்ள தேய்மானத் தடுப்பு வேதிப்பொருள்கள் துணை நிற்கும் வரை.

மெல்லிய காற்றில் வேறொரு சிக்கலும் உண்டு. கியர்பாக்ஸிலிருந்து ஜெனரேட்டருக்குப் போகும் வேகத் தண்டிலுள்ள உருளைகள் உருள வேண்டுமானால் அவற்றின் மேல் குறைந்தபட்சச் சுமை இருந்தாக வேண்டும். அந்தச் சுமை இல்லாதபோது அவை உருளாமல் வழுக்குகின்றன. வழுக்கியபடியே சுமைப் பகுதிக்குள் நுழையும் உருளை ஓடுதளத்தின் மேல் உலோகத்தை இழுத்துப் பூசிவிடுகிறது. முழுச் சுமையில் சீராக ஓடும் இயந்திரத்தைவிட, காற்று வருவதும் போவதுமாக இருக்கும் மாதங்களில் நின்று நின்று ஓடும் இயந்திரத்தின் மசகைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும் என்பது இப்பக்கத்தை எழுதுபவரின் உறுதியான கருத்து.

இயந்திரம் நின்றிருக்கும்போது தேய்மானம் எப்படி ஏற்படும்?

1930களில் அமெரிக்காவில் ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட புதிய மோட்டார் கார்களின் சக்கர பேரிங்குகள், கார் ஒரு மைல்கூட ஓடாத நிலையிலேயே, குண்டுகளின் இடைவெளியில் வரிசையாகப் பள்ளம் விழுந்து கிடந்தன. ரயிலின் அதிர்வு குண்டுகளை இருந்த இடத்திலேயே மிகச் சிறிதாக அசைத்ததுதான் காரணம். அந்த அசைவில் எண்ணெய் தொடும் இடத்திலிருந்து பிதுங்கி வெளியேறுகிறது. திரும்ப உள்ளே வருவதற்குத் தேவையான உருளல் நிகழ்வதில்லை. உலோகத் துகள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து செம்பழுப்புத் தூளாகின்றன, அத்தூள் அரைத்துப் பள்ளத்தை ஆழமாக்குகிறது.

காற்றாலையில் இதற்கு மிகவும் இலக்காவது இறக்கை பேரிங். இறக்கையின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் கருவி நாள் முழுவதும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் திருத்திக்கொண்டே இருக்கும்போதும், இயந்திரம் நின்றபின் இறக்கை காற்றில் அதிரும்போதும், குண்டுகள் தம் இடத்தை விட்டு நகர்வதில்லை. சில கட்டுப்பாட்டு மென்பொருள்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை இறக்கைகளைப் பெரிய கோணத்துக்குத் திருப்பித் திரும்பக் கொண்டுவரும் மசகுச் சுழற்சி இருக்கிறது. அதை யாரும் அணைத்து வைத்திருக்கக் கூடாது. கிரீஸ் அடிக்கும்போதும் இறக்கையைத் திருப்பிக்கொண்டே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடித்த இடத்திலேயே அது தங்கிவிடும்.

காற்றில்லாத மாதங்களில் சுழலியை (இறக்கைகளும் அவை பொருந்திய ஹப் என்ற மையக்கூடும் சேர்ந்தது) பூட்டி வைப்பதைவிட, கையேடு அனுமதித்தால், இறக்கைகளைக் காற்றுக்கு ஒதுக்கித் திருப்பி மெதுவாக உருளவிடுவது நல்லது. மேலே சொன்னபடி மெதுவாக உருள்வதில் படலம் மெல்லியதுதான். ஆனாலும் ஒரே இடத்தில் அதிர்ந்துகொண்டு நிற்பதைவிட அது மேல். இறக்கைக் கோணம் மாறாத பழைய வகையில் பிரேக் பிடித்தே நிறுத்த வேண்டியிருப்பதால், அவ்வப்போது பிரேக்கை விட்டுச் சில சுற்றுகள் சுழலவிடும் வழக்கத்தைப் பராமரிப்பு அட்டவணையிலேயே எழுதி வைக்கலாம். ஹப்புக்குள் ஆள் இறங்கும்போது மட்டும் சுழலிப் பூட்டு கட்டாயம். அதில் எந்தச் சமரசமும் கிடையாது.

முதன்மை பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு வரிசை மட்டும் தேய்ந்திருக்கிறதே?

மூன்று இடங்களில் தாங்கப்படும் வடிவமைப்பில், முன்பக்கம் ஒரே ஓர் இரட்டை வரிசைக் கோள உருளை பேரிங்கும், பின்பக்கம் கியர்பாக்ஸின் இரு கைகளும் சுழலியைத் தாங்குகின்றன. காற்று சுழலியைப் பின்னோக்கித் தள்ளும் விசை முழுவதும் பின்வரிசை உருளைகளில் இறங்குகிறது. முன்வரிசை பல நேரங்களில் சுமையே இல்லாமல் இருக்கிறது. பின்வரிசையின் ஓடுதளத்தில் முதலில் மங்கலான நுண்குழிப் பட்டை தோன்றி, பிறகு அந்தப் பட்டை தேய்ந்து ஓடுதளத்தின் வடிவமே மாறுகிறது. வடிவம் மாறியதும் சுமை விளிம்புகளில் குவிந்து, உலோகம் செதில் செதிலாகப் பெயர்கிறது. பொருத்தியவரின் கைப்பிழை என்று பலரும் கருதும் இது பெரும்பாலும் வடிவமைப்பின் இயல்பு. புதிய இயந்திரங்கள் பலவற்றில் முன்சுமையிட்ட (பொருத்தும்போதே சற்று இறுக்கிய) கூம்பு உருளை பேரிங்குகள் இடம்பெறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு தடவைக்கு எவ்வளவு கிரீஸ் அடிக்க வேண்டும்?

கையேடு இல்லாத பழைய இயந்திரமானால், பேரிங் தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் சூத்திரம் உதவும்: வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மி.மீட்டரில் பெருக்கி, 0.005ஆல் பெருக்கினால் கிராம் அளவு கிடைக்கும். ஜெனரேட்டரில் பரவலாக உள்ள 6324 பேரிங்குக்கு 260 × 55 × 0.005, அதாவது சுமார் 72 கிராம். மேலே கண்ட 230/600 பேரிங்கின் அகலம் 200 மி.மீ. என்பதால் அதற்கு 870 கிராம். கிரீஸ் கன்னின் ஓர் அழுத்தத்துக்கு எத்தனை கிராம் வருகிறது என்று ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துக் கன்னின் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். "பத்து அடி அடி" என்று சொல்லி அனுப்புவது அளவாகாது, ஏனென்றால் கன்னுக்குக் கன் அளவு மாறும்.

அதிகம் அடிப்பதும் கெடுதல்தான். ஜெனரேட்டரில் மிகுதியான கிரீஸ் கடையப்பட்டு வெப்பம் ஏறுகிறது, சீல் பிதுங்குகிறது, சில இயந்திரங்களில் கிரீஸ் உள்ளே கம்பிச் சுருள் வரை போய்விடுகிறது. இறக்கை பேரிங்கில் பழைய கிரீஸ் வெளியேறும் துளைகளும் சேகரிப்புக் குப்பிகளும் அடைபட்டிருக்கும்போது புதிதாக அடித்தால், அழுத்தம் சீலைத்தான் தள்ளும். குப்பிகள் எப்போதும் காலியாகவே இருந்தால் மகிழ வேண்டியதில்லை. கிரீஸ் வேறெங்கோ போகிறது என்று பொருள். வெப்பநிலை 70 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸ் அடிக்கும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வேறு நிறுவனத்தின் கிரீஸைக் கலக்கலாமா?

கூடாது. கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் ஒரு கெட்டிப்பொருளும் எண்ணெயும் சேர்ந்தது. லித்தியம் காம்ப்ளெக்ஸ், பாலியூரியா, களிமண் என்று கெட்டிப்பொருள்கள் வேறுபடுகின்றன. பொருந்தாதவை கலந்தால் ஒன்று இளகி வழிந்துவிடும் அல்லது இறுகி எண்ணெயை விடாமல் போகும். நிறம் ஒன்றாக இருப்பதை வைத்து முடிவு செய்வது ஆபத்து, நிறம் சாயத்தால் வருவது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதை இயன்றவரை வெளியேற்றி, அடுத்த சில முறை இடைவெளியைக் குறைத்து அடிக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றாமல் டாப்-அப் மட்டும் செய்து ஓட்டலாமா?

ஆயிலை மாற்றும் தேதியைவிட அதன் தூய்மையும் ஈரமும்தான் பேரிங்கின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 320 தரச் செயற்கை எண்ணெய்தான் இங்கே ஓடுகிறது. ஐ.எஸ்.ஓ. 4406 முறையில் ஆய்வகம் தரும் 18/16/13 போன்ற எண்கள், ஒரு மில்லிலிட்டரில் முறையே 4, 6, 14 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் எத்தனை என்பதைக் குறிக்கின்றன. எண் ஒன்று கூடினால் துகள்கள் இருமடங்கு. படலம் ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது என்பதை நினைத்தால், 10 மைக்ரான் துகள் ஓடுதளத்தில் என்ன செய்யும் என்று விளங்கும். அது பள்ளம் போடுகிறது, பள்ளத்தின் விளிம்பு மேடாகிறது, மேட்டில் நுண்விரிசல் தொடங்குகிறது. புதிய பீப்பாயிலுள்ள ஆயில் தூய்மையானது என்று நம்பி நேராக ஊற்றுவதும் தவறு. அதையும் ஃபில்டர் வழியாகவே ஏற்ற வேண்டும்.

தூத்துக்குடி, இராமநாதபுரம் போன்ற கடலோரப் பகுதிகளிலும், வடகிழக்குப் பருவமழை மாதங்களிலும், சூடாறும் கியர்பாக்ஸ் மூச்சுத்துளை வழியாக ஈரக்காற்றை உள்ளிழுக்கிறது. ஈரமுறிஞ்சும் மணிகள் கொண்ட மூச்சுக்குப்பியின் மணிகள் நிறம் மாறியிருந்தால் அன்றே மாற்ற வேண்டும். நானறிந்த வரையில், கியர்பாக்ஸில் இதைவிட மலிவான காப்பு எதுவும் இல்லை.

உள்வளையம் நீளவாக்கில் பிளந்திருக்கிறது, ஆனால் தேய்மானமே இல்லை. இது எப்படி?

வேகத் தண்டிலும் இடைநிலைத் தண்டிலும் இது அதிகம் காணப்படுகிறது. வெட்டிப் பார்த்து அமிலத்தில் நனைத்தால் விரிசலின் ஓரங்கள் வெண்மையாகத் தெரிவதால், வெண்விரிசல் என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். கணக்கிட்ட ஆயுளில் 5 முதல் 20 சதவீதத்திலேயே இது வந்துவிடக்கூடும். எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன், உருளைகள் வழுக்குவதால் பிறக்கும் உராய்வு ஆற்றல், மின்னோட்டம், எண்ணெயிலுள்ள சில சேர்பொருள்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. எல்லா நேர்வுகளையும் விளக்கும் ஒரே காரணத்தில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை. நடைமுறையில், கருப்பு ஆக்சைடு பூச்சுள்ள பேரிங்குகளும், மேற்புறம் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகில் செய்தவையும் மாற்றாகப் பொருத்தப்படுகின்றன. எண்ணெயை மட்டும் மாற்றி இதைத் தீர்க்கலாம் என்று யாராவது விற்க வந்தால் சற்று ஐயத்துடன் கேட்பது நல்லது.

ஜெனரேட்டர் பேரிங்கின் ஓடுதளத்தில் வரிவரியாகக் கோடுகள் விழுவது ஏன்?

கன்வெர்ட்டர் (மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றும் மின்னணுக் கருவி) உள்ள இயந்திரங்களில், அதன் வேகமான மின்னழுத்த மாற்றங்கள் தண்டில் மின்னழுத்தத்தை ஏற்றுகின்றன. எண்ணெய்ப் படலம் தாங்காத அளவுக்கு அது உயரும்போது படலத்தைக் கிழித்துப் பொறி பாய்கிறது. நுண்ணிய குழிகள் உருகி விழுகின்றன, நாளடைவில் அவை சீரான வரிகளாகின்றன. இங்கே கிரீஸை மாற்றுவதால் பயனில்லை. தண்டு பூமியிணைப்பு பிரஷ்ஷின் நீளத்தையும் தொடர்பையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பேரிங் மாற்றும்போது மின்காப்புள்ளதையோ பீங்கான் குண்டுகள் கொண்டதையோ போட வேண்டும். கன்வெர்ட்டர் இல்லாமல் மின்கட்டமைப்போடு நேராக இணைந்த பழைய ஜெனரேட்டர்களில் இந்தச் சிக்கல் அரிது. ஆனால் நாசெலில் (கோபுர உச்சியிலுள்ள இயந்திர அறை) வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்ப்பைத் தொலைவில் மாட்டினால் எந்த இயந்திரத்திலும் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாயும்.

பேக்டவுன் (உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும்) உத்தரவும் மின்தடையும் பேரிங்கைப் பாதிக்குமா?

முன்னறிவிப்போடு மெதுவாக நிறுத்தினால் பெரிய தீங்கில்லை. முழுச் சுமையில் ஓடும்போது மின்கட்டமைப்பின் இணைப்பு திடீரென்று அறுந்து பிரேக் விழுந்தால், கியர்பாக்ஸில் திருப்புவிசை சில கணங்களுக்குள் திசைமாறி ஊசலாடுகிறது. பேரிங்கின் சுமைப் பகுதி ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குத் தாவுகிறது. அங்கே அதுவரை சும்மா இருந்த உருளைகள் படலமில்லாமலே அடிவாங்குகின்றன. ஆகவே அவசர நிறுத்தங்களின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் தனியாக வைத்திருப்பது பயனுள்ளது.

நாசெலைத் திருப்பும் யா பேரிங் பற்றி?

குண்டு வளைய வகையானால் இறக்கை பேரிங்குக்குச் சொன்னதே பொருந்தும். வழுக்குப் பட்டை வகையானால் பட்டையின் தடிமனை அளந்து குறித்து வைத்தால் போதும்.

பழுதை முன்கூட்டியே அறிய எதை நம்பலாம்?

வெப்பநிலை கடைசியில்தான் ஏறும். அது ஏறும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஜெனரேட்டரிலும் வேகத் தண்டிலும் அதிர்வு அளவீடு மிக நன்றாக வேலை செய்கிறது. மெதுவாகச் சுழலும் முதன்மை பேரிங்கில் அதிர்வுச் சமிக்ஞை மெலிதாக இருப்பதால், கிரீஸ் மாதிரியில் இரும்பின் அளவைத் தொடர்ந்து பார்ப்பது அதைவிடத் தெளிவான செய்தி தரும். ஒரு தனி அளவீட்டுக்கு மதிப்புக் குறைவு. ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்த மாதிரிகளின் போக்கே பேசும். கியர்பாக்ஸ் மாதிரியை இயந்திரம் ஓடிச் சூடாக இருக்கும்போது, ஃபில்டருக்கு முன்னால் எடுக்க வேண்டும்.

பழைய 250 கிலோவாட் இயந்திரத்தில் முதன்மை பேரிங் போய்விட்டால் மாற்றுவது தகுமா?

பேரிங்கின் விலையைவிடக் கிரேன் வாடகையும் உற்பத்தி இழப்பும்தான் கணக்கை முடிவு செய்யும். காற்றுக் காலத்தில் சுழலியை இறக்கப் பாதுகாப்பான நேரம் கிடைப்பதே அரிது என்பதால், பிப்ரவரி, மார்ச்சில் முடிவெடுக்காவிட்டால் ஜூனில் இயந்திரம் நின்றபடியே இருக்கும். தண்டை வெளியே எடுக்கும்போது, தண்டில் பேரிங் அமரும் இடத்தையும் கூட்டின் உள்விட்டத்தையும் அளக்க வேண்டும்; அங்கே தேய்மானம் இருந்தால் புதிய பேரிங்கும் நிலைக்காது. கியர்பாக்ஸின் நுழைவுப் பக்க பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடலாம். கழற்றிய பேரிங்கை டீசலில் கழுவிப் பழைய இரும்புக் கடைக்கு உடனே அனுப்பிவிடக் கூடாது. வெளிவளையத்தில் மேற்பக்கம் எது, காற்று வரும் பக்கம் எது என்று பெயின்டால் குறித்து, கிரீஸோடு அப்படியே பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்தால், ஐ.எஸ்.ஓ. 15243 வகைப்பாட்டின்படி சேதத்தைப் படித்துக் காரணத்தைச் சொல்ல ஆய்வாளரால் முடியும். அந்தக் காரணம் தெரியாமல் புதியதைப் பொருத்தினால், பக்கத்துக் கோபுரத்தில் அதே நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பேரிங்கைக் காப்பாற்றும் வாய்ப்பும் போய்விடும்.